டீசலா, சிஎன்ஜியா?

2020 ஏப்ரலில் வண்டிப் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்ததும் மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. சின்ன கார்களில் டீசலின் கதை அங்கேயே பாதி முடிந்தது. இப்போதைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடானால்தான் கரி எரிந்து அது சுத்தமாகும். தினமும் பள்ளிக்கும் கடைக்குமாக நாலு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், அப்புறம் சர்வீஸ் சென்டருக்கு நடைதான்.

சிஎன்ஜியில், அதாவது சிலிண்டரில் அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில், அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும் (டாடா 2023-ல் இரட்டைச் சிலிண்டர் வைத்து ஓரளவு இடத்தை மீட்டது). மூன்றாண்டுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை, மேட்டில் கொஞ்சம் சோர்வு, எரிவாயு பங்க்கில் வரிசை வேறு.

சரி, ஊருக்குள் ஓட்டம் என்றால் சிஎன்ஜி. மாதம் நாலு தடவை சென்னை–மதுரை என்றால் நான் இன்னும் டீசல்தான் எடுப்பேன்.