எக்ஸ்எல் 100: சம்பாதிப்பவரின் வண்டி, சம்பளக்காரர் ஏறாத வண்டி

டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட்டைப் பற்றி வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உரிய அளவுகோலையே எடுத்து இதன்மேல் வைத்துப் பார்க்கின்றன. 99.7 சிசி இயந்திரம், 4.3 குதிரைத்திறனை ஒட்டிய ஆற்றல், கியர் கிடையாது, இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக், மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால் திணறல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கொடுத்த காசுக்குப் பரவாயில்லை என்று முடித்துவிடுகின்றன. கடைக்குள் வந்து இந்த வண்டியைக் கேட்பவர் இவற்றில் எதையும் கேட்பதில்லை. எவ்வளவு பாரம் தாங்கும், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், மாதத் தவணை எவ்வளவு வரும், எங்கள் ஊர் மெக்கானிக்கால் பிரித்து மாட்ட முடியுமா என்பவையே அவருடைய கேள்விகள். பலருக்கு, அந்த வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலிருந்துதான் வருமானமே தொடங்குகிறது. ஆகவே இந்த மதிப்புரையில் வண்டியை மட்டுமன்றி, அதை வாங்குபவர் யார், வாங்கத் தயங்குபவர் யார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

இதன் மூதாதையான டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து 1980இல் வெளிவந்தபோது நிலைமை வேறாக இருந்தது. 1972 முதல் சந்தையில் இருந்த லூனா ஒருவர் ஓட்டிச் செல்லும் சிறு வண்டியாகவே அறியப்பட்டிருக்க, இருவர் உட்கார்ந்து செல்லக்கூடிய மொபெட் என்பதே டிவிஎஸ் 50இன் பெருமை. பள்ளி ஆசிரியர், காப்பீட்டு முகவர், வங்கி எழுத்தர், அஞ்சலக ஊழியர் என மாதச் சம்பளம் வாங்கியோரின் வீட்டு வாசலில்தான் அன்று அது நின்றது. 1994இல் ஸ்பிளெண்டரும் 2001இல் ஆக்டிவாவும் வந்தபின் அந்த வகுப்பு மெல்ல மெல்ல மொபெட்டை விட்டு இறங்கிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை, கை மாறியது. கீரை விற்பவரும் பால் ஊற்றுபவரும் மீன் வியாபாரியும் கொத்தனாரும் அதை எடுத்துக்கொண்டார்கள். போட்டியாளர்கள் ஒவ்வொருவராக விலகியபின், இன்று இந்தியாவில் பெட்ரோல் மொபெட் தயாரிக்கும் நிறுவனம் டிவிஎஸ் ஒன்றுதான் என்ற நிலை இருக்கிறது. நடுத்தர வகுப்பார் இதைப் பற்றி எழுதும்போது குரலில் சற்றே பழைய நினைவின் இளக்கம் கலந்துவிடுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு இது அப்பாவின் வண்டி.

2015இன் இறுதியில் வந்த எக்ஸ்எல் 100, பழைய இரு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) இயந்திரத்தைக் கைவிட்டு நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இயந்திரத்துக்கு மாறியது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் வேலையும், பின்னால் வருபவரின் முகத்தில் படியும் நீலப் புகையும் அத்தோடு ஒழிந்தன. வண்டியின் எடை வகையைப் பொறுத்து 86 முதல் 89 கிலோ வரை; நிறுவனம் குறிப்பிடும் தாங்குதிறன் 130 கிலோ. தன் எடையைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு பாரத்தைத் தாங்குவதாக எழுத்திலேயே ஒப்புக்கொள்ளும் வண்டி இது. தெருவில் அது சுமப்பதைப் பார்த்தால் 130 என்ற எண்ணை எவரும் படித்திருப்பதாகவே தெரியாது. பின் இருக்கையைக் கழற்றிவிடலாம். கழற்றினால் அந்த இடத்தில் தட்டையான கேரியர் கிடைக்கிறது. முன்னால் கால் வைக்கும் பகுதி அகலமானது. ஒரு மூட்டை அரிசியை அங்கே நிறுத்திவிட்டு, இரு பக்கமும் கால்களைச் சற்று விரித்து வைத்துக்கொண்டு ஓட்டலாம். எரிபொருள் தொட்டியில் 4 லிட்டர்தான் பிடிக்கும் என்பதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. நாளுக்கு 50 ரூபாய்க்கு ஊற்றிக்கொள்பவருக்கு அது ஒருபோதும் நிரம்பப் போவதில்லை.

சக்கரங்களின் அளவைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆக்டிவாவின் பின்சக்கரம் 10 அங்குலம். இதனுடையது முன்னும் பின்னும் 16 அங்குலம். வரப்பை ஒட்டிய மண்பாதையிலும், மழைக்குப்பின் பள்ளமாகிப்போன ஊராட்சிச் சாலையிலும் இந்த வேறுபாடு உடனே தெரியும்: சிறு சக்கரம் குழிக்குள் இறங்கி ஏறுகிற இடத்தில் பெரிய சக்கரம் உருண்டு கடந்துவிடுகிறது. கிளட்ச் கைப்பிடி இல்லை, கியர் இல்லை. முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். சேலை கட்டிய பெண்ணும் வேட்டி கட்டிய முதியவரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்காரலாம். மறுபக்கம், ஒரே விகிதத்தில் ஓடும் வண்டி என்பதால் பாரத்தோடு மேம்பாலம் ஏறும்போது வேகம் கண்ணெதிரே குறையும். பின் பிரேக்கை அழுத்தினால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு இருந்தாலும், இரண்டும் டிரம் பிரேக்குகளே ஆதலால் நிறைபாரத்தில் இறக்கத்தில் வருபவர் தூரத்திலேயே பிடிக்கத் தொடங்கிவிட வேண்டும். இருக்கைக்கு அடியில் தலைக்கவசம் வைக்க இடம் இல்லை. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே இதில் போவதை நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

இவ்வளவு பயனுள்ள ஒரு வண்டியை, அதை வாங்கக்கூடிய எல்லோரும் ஏன் வாங்குவதில்லை என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி. வருமானம் குறைந்தவர் மலிவான வண்டியும் கூடியவர் விலையுயர்ந்த வண்டியும் வாங்குவார் என்ற எளிய கணக்கு இங்கே பொருந்துவதில்லை. காவிரிப் படுகையிலோ கொங்குப் பகுதியிலோ ஏதேனும் ஓர் ஊருக்குள் சென்று பார்த்தால், முன்வாசல் கொட்டகையில் இன்னோவாவோ ஸ்கார்பியோவோ நிற்கும் வீட்டிலேயே மண் படிந்த ஓர் எக்ஸ்எல்லும் சுவரில் சாய்ந்திருக்கும். வீட்டுக்காரர் காலையில் மண்வெட்டியைக் குறுக்கே வைத்துக்கொண்டு அதில்தான் வயலுக்குப் போவார். திரும்பும்போது பின்னால் புல்லுக்கட்டு இருக்கும். அவருக்கு அதில் எந்தக் கூச்சமும் இல்லை, ஏனெனில் அவர் யார் என்பது ஊருக்கே தெரியும். கீரைக்காரருக்கும் கூச்சம் இல்லை. அவருக்கு அது தொழில். கூச்சம் முழுவதும் இவ்விருவருக்கும் இடையில் நிற்பவரிடம்தான் குவிந்திருக்கிறது. துணிக்கடையிலோ தனியார் நிறுவனத்திலோ 15,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்த இளைஞர், இந்த வண்டியைப்போல இரண்டு மடங்குக்கும் கூடுதலான விலையில் மோட்டார் சைக்கிளைத் தவணையில் எடுப்பார். எக்ஸ்எல்லில் வேலைக்குப் போகமாட்டார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. அவர் இன்னும் யாரென்று நிலைநாட்டப்படாதவர். அலுவலக வாசலில் அவர் இறங்கும் வண்டியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். வரதட்சணையாக வண்டி கேட்கும் வழக்கம் இருக்கும் ஊர்களில், மாப்பிள்ளைக்கு எக்ஸ்எல் வேண்டும் என்று எந்தச் சம்பந்தியும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதே கூச்சம்தான் டாடா நானோவை வீழ்த்தியது. இருசக்கர வண்டியில் நெருக்கியடித்துச் செல்லும் குடும்பத்தை மனத்தில் வைத்து, 2009இல் 1 லட்சம் ரூபாய் என்ற அறிவிப்போடு வந்த அந்தக் கார், உலகிலேயே மலிவான கார் என்ற பெயரையே சுமந்து நின்றது. கார் வாங்குவது என்பதே ஒரு படி மேலே ஏறிவிட்டோம் என்று உறவினர்களுக்குச் சொல்வதற்காக இருக்கும் நாட்டில், இருப்பதிலேயே மலிவானதை வாங்கிக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? பலர் அதே பணத்துக்குப் பழைய மாருதி ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். நானோவை மலிவான கார் என்று விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018இல் தயாரிப்பு ஏறத்தாழ நின்றுபோனது. எக்ஸ்எல் நிலைத்ததற்குக் காரணம், படியேறியதைக் காட்டுவதற்கு அதை யாரும் வாங்கவில்லை என்பதே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதியிடம் இருசக்கர வண்டி இருக்க, கார் வைத்திருப்பவை நூற்றுக்கு 8 மட்டுமே. அந்தப் பெரும் பாதிக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வுதான் எக்ஸ்எல்லுக்கும் புல்லட்டுக்கும் இடையே தெரிகிறது.

அரசின் வரி மட்டும் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்தி. ஆனால் பால்காரரின் 99.7 சிசி மொபெட்டும் ஞாயிறுதோறும் மலையேறும் 349 சிசி புல்லட்டும் அதற்கு முன்பும் ஒரே விகிதம்தான், இப்போதும் ஒரே விகிதம்தான். தமிழ்நாட்டு வாழ்நாள் வரி 2023 நவம்பரிலிருந்து 1 லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்று சற்றே பிரித்துப் பார்க்கிறது. 2018இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம் ஒன்றுதான் வருமானத்தை நேரடியாகக் கணக்கில் எடுத்தது: ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள பணிபுரியும் பெண்களுக்கு விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது.

விலைக்கு வருவோம். அறிமுகமானபோது 30,000 ரூபாயை ஒட்டியிருந்த எக்ஸ்எல் 100, இன்று அடிப்படை வகையிலேயே 45,000 ரூபாய் அளவில் தொடங்குகிறது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் உயர்ந்த வகைகள் 60,000 ரூபாயை நெருங்குகின்றன. பதிவும் காப்பீடும் தனி. வாங்குபவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது என்பதால் வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. நிதி நிறுவனத்தார்தான் கதி. அங்கே ‘12 சதவீதம்தான் சார்’ என்று சொல்லப்படும் வட்டி பெரும்பாலும் கடைசித் தவணை வரை முழுத்தொகைக்கும் போடப்படும் நிலைவட்டி. 40,000 ரூபாயை 2 ஆண்டுகளுக்கு அப்படி வாங்கினால் கட்டவேண்டியது 49,600 ரூபாய், மாதம் ஏறத்தாழ 2,070 ரூபாய். குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 21 சதவீதத்துக்கு மேல். மாதச் சம்பளக்காரர் இதே தொகையை இதைவிடக் குறைந்த வட்டிக்கு வாங்கிவிடுவார். ஆக, மலிவான வண்டியை வாங்குபவரே அதிக விலை கொடுக்கிறார். கையெழுத்துப் போடுமுன் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற ஒரே எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2020இல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் கார்புரேட்டர் போய் எரிபொருள் உட்செலுத்தும் முறை வந்தது. வண்டி முன்பைவிட மென்மையாக ஓடுகிறது, மைலேஜும் கூடியிருக்கிறது; ஆனால் ஸ்பேனரும் திருப்புளியும் மட்டும் வைத்திருக்கும் தெருமுனை மெக்கானிக்கால், சென்சார் கோளாறு என்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் கூலி போகும் வீட்டில் இது சிறு மாற்றம் அன்று. பேட்டரி வண்டிப் பக்கம், 2024 பிப்ரவரியில் இ-லூனா 69,990 ரூபாய்க்கு வந்து இதே வாடிக்கையாளரைக் குறிவைத்திருக்கிறது. குறைந்த தூரத்துக்குள் நாளெல்லாம் சுற்றுபவர் அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பாரம் ஏற்றுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் ஹெவி டியூட்டி வகையே போதும். அத்தோடு பட்டறையில் சொல்லிப் பின்னால் இரும்புக் கேரியரும் பக்கத்துக்கு ஒரு கொக்கியும் அடித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவருக்கோ, நாளில் பலமுறை நிறுத்திக் கிளப்பும் தண்ணீர் கேன், பால், பூ வியாபாரத்துக்கோ என்றால் பொத்தான் வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது. பாரமே ஏற்றப்போவதில்லை, இருவர் தார்ச்சாலையில் போய்வந்தால் போதும் என்பவர் உயர்ந்த வகை எக்ஸ்எல்லுக்கு 60,000 ரூபாய் கொடுப்பதற்குப் பதில், இன்னும் கொஞ்சம் சேர்த்து ஸ்கூட்டருக்கே போகலாம்.