பிள்ளையை எந்த மொழியில் படிக்க விடுவது? கொழும்பில் இருக்கும் நான்கு வழிகள்

தங்கச்சியின் மகளுக்கு வருகிற ஜனவரி 31க்கு முதல் 5 வயது நிறைந்துவிடும். தரம் 1க்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மாதமாக அவள் வீட்டில் இதுதான் கதை. அவள் தமிழ் மொழிமூலம் என்கிறாள், கணவர் சர்வதேசப் பாடசாலை என்கிறார், மாமியார் "எங்கையாவது கிட்டவாப் பாருங்கோ" என்கிறார். இரவு 9 மணிக்கு என் போன் அடித்தால் யாரென்று பார்க்கவே தேவையில்லை. அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பல வீடுகளில் இதே இழுபறிதான்.

எங்கள் தொடர்மாடியில் காலை 6.30க்கு லிஃப்ட் கீழே வரும்போது அதற்குள் நான்கு பிள்ளைகள் நிற்பார்கள். ஒருவன் தமிழ் மொழிமூலம், ஒருவன் சர்வதேசப் பாடசாலை, ஒருத்தி சிங்கள மொழிமூலம், நான்காவது என் மகள். அரச பாடசாலையில் தரம் 7, இருமொழிப் பிரிவு. நான்கு வீட்டு அடுப்படியிலும் கேட்பது தமிழ். லிஃப்டுக்குள் நால்வரும் வாய் திறக்க மாட்டார்கள். எந்த மொழியில் தொடங்குவது என்ற சங்கடமோ, நித்திரை முறியாத குறையோ!

இந்தப் பிரிவினைக்கு வயது அதிகம். வெள்ளைக்காரன் காலத்தில் காசு கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலப் பாடசாலை, மற்றவர்களுக்குச் சுயமொழிப் பாடசாலை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. கற்பிக்கும் மொழியும் படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறியது. தமிழ்ப் பிள்ளை தமிழில், சிங்களப் பிள்ளை சிங்களத்தில் என்பது விதியானது. பறங்கியருக்கும் (ஐரோப்பிய வழிவந்த இலங்கையர்) முஸ்லிம்களுக்கும் மட்டும் தெரிவு செய்ய இடம் இருந்தது. வகுப்பறையை விட்டுப் போன ஆங்கிலம் கந்தோரையும் வங்கியையும் கலியாணப் பேச்சையும் விட்டுப் போகவில்லை. சிங்களத்தில் அதற்குப் பட்டப்பெயர் 'கடுவ', அதாவது வாள். தெரியாதவனை வெட்டிச் சாய்ப்பதால் அந்தப் பெயர். தெரிந்தவனும் தப்ப முடியாது. 'நொட்', 'பொட்' என்ற சொற்களில் ஒகரம் சரியாகத் திறக்காவிட்டால் 'நொட் பொட் இங்கிலிஷ்' என்று பணக்காரர் வாழும் கொழும்பு 7 வீடுகளில் சிரிப்பார்கள்.

சரி, முதலில் தமிழ் மொழிமூலம். பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரியும் இராமநாதன் மகளிர் கல்லூரியும், வெள்ளவத்தையில் சைவ மங்கையர், கொட்டாஞ்சேனையில் விவேகானந்தா என்று நல்ல பாடசாலைகள் இருக்கின்றன. றோயலிலும் டி.எஸ். சேனாநாயக்கவிலும் தமிழ்ப் பிரிவு உண்டு. அரச பாடசாலையில் செலவு குறைவு, பாடநூல் இலவசம். படிப்பில் குறை சொல்ல மாட்டேன். எட்டு வயதுப் பிள்ளை "ஏன் அப்பிடி?" என்று ஆசிரியரை மறித்துக் கேட்பதை நான் பார்த்தது தமிழ் வகுப்புகளில்தான். கேட்பதற்குச் சொல் கைவசம் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் எல்லாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில்தானே என்று தங்கச்சியின் கணவர் கேட்கிறார். உண்மைதான். எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர் உயர்தரம் (தரம் 13) வரை தமிழில் படித்துவிட்டு மருத்துவபீடத்தின் முதல் விரிவுரையில் திகைத்துப்போய் இருந்தவர்கள். முதல் வருடம் அழுகை, மூன்றாம் வருடம் ஆங்கிலத்தில் பகிடி. பாடம் தலையில் இருந்ததால் மொழி பின்னால் வந்து சேர்ந்தது.

ஒரு சின்ன விஷயம், பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் பாடநூலில் முக்கோணி, தமிழ்நாட்டில் முக்கோணம். இங்கே ஒளித்தொகுப்பு, அங்கே ஒளிச்சேர்க்கை. இங்கே இரசாயனவியல், பௌதிகவியல்; அங்கே வேதியியல், இயற்பியல். யூடியூபில் தமிழ்நாட்டு வாத்தியார் அருமையாக விளக்குவார், பிள்ளை பாதியில் "அம்மா, இயற்பியல் எண்டா என்ன?" என்று கேட்கும். இலங்கையில் தமிழில் படிப்பவர்கள் ஒரு தனித் தீவு என்பது அப்போது உறைக்கும்.

தமிழ் வகுப்புக்குள் போய்விட்டால் வர்க்கப் பிரச்சினை தீர்ந்தது என்று மட்டும் நினைக்க வேண்டாம். வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1962இல் நியூயோர்க்கில் மூன்று கடைகளுக்குப் போய், நான்காம் மாடியில் இருக்கும் பொருளைப் பற்றிக் கேட்டு, விற்பனையாளர்களின் வாயிலிருந்து 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற பதிலை வரவழைத்தார். அந்த 'ர்' காதில் விழுகிறதா என்பதுதான் கணக்கு. விலை கூடிய கடையில் 62 சதவீதமானோரிடம் அது ஓரளவாவது கேட்டது, நடுத்தரக் கடையில் 51, மலிவுக் கடையில் 20. நமக்கும் ஒரு 'ர்' இருக்கிறது. யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை 'ரீச்சர்' என்னும், மலையகத்து வீட்டுப் பிள்ளை 'டீச்சர்' என்னும். ஒன்று 'ஓம்', மற்றது 'ஆமா'. முஸ்லிம் பிள்ளை 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்றால் பின்வாங்கில் ஒரு சிரிப்பு கேட்கும். நான் படித்த காலத்தில் ஹட்டனிலிருந்து வந்து சேர்ந்த ஒருத்தி 'ஆமா' சொன்னபோதெல்லாம் எங்கள் வகுப்பாசிரியை "ஓம் எண்டு சொல்லும்" என்று திருத்துவார். ஒரு மாதத்தில் அவள் ஓம் என்றாள். பிறகு கையை மட்டும் உயர்த்தினாள், வாயைத் திறக்கவில்லை. 'தோட்டத்துத் தமிழ்' என்று ஒரு வார்த்தையை எங்கள் ஆட்கள் எத்தனை இலேசாகச் சொல்கிறோம்! 'நொட் பொட்' என்று சிரிக்கிறவர்களைத் திட்ட எங்களுக்குப் பெரிதாக அருகதை இல்லை.

இரண்டாவது, சர்வதேசப் பாடசாலை. திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு முளைத்தவை. பெரும்பாலும் கம்பனியாகப் பதிவாகி, கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்ஸல் என்ற பிரித்தானியப் பரீட்சைக்குத் தயார்படுத்துகின்றன. பயப்படாமல் மேடையேறிப் பேசும் பிள்ளை வேண்டுமென்றால் அங்கே கிடைக்கும், அதை மறுக்கவில்லை. பிள்ளையை வெளிநாட்டில் படிப்பிப்பது என்று முடிவெடுத்து, அதற்குக் காசும் ஒதுக்கி வைத்திருப்பவர்களுக்கு இது நேர் வழி. மற்றவர்கள் இரண்டு விஷயத்தை யோசிக்க வேண்டும். பரீட்சைக் கட்டணம் பிரித்தானியப் பவுண் நாணயத்தின் விலையோடு ஏறி இறங்குகிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஓடியபோது, இடைநடுவில் நின்ற பெற்றோர் பட்ட பாடு எனக்குத் தெரியும். இரண்டாவது, அரச பல்கலைக்கழகத்தின் வழமையான அனுமதி உள்ளூர் உயர்தரத்தின் இசட் புள்ளியில், அதாவது பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடும் புள்ளியில், நடப்பது. 40 சதவீதம் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற அந்தக் கணக்குக்குள் லண்டன் உயர்தரம் வராது.

மூத்தவனை விடலாமா என்று பார்க்க நாங்களும் ஒரு காலத்தில் ஒரு சர்வதேசப் பாடசாலைக்குப் போனோம். பெயர் வேண்டாம். நேர்முகம் பிள்ளைக்கு என்றார்கள். பிள்ளையிடம் நிறத்தைக் கேட்டது இரண்டு நிமிடம், எங்களிடம் கதைத்தது இருபது நிமிடம். என் கணவர் கணக்காளர், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதியே பிழைப்பவர். அன்று அந்தக் கதிரையில் 'ஐ திங்க்' என்று தொடங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து காலி வீதியில் ஓட்டோ பிடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "இண்டைக்குப் பரீட்சை எனக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

நான்காம் மாடிப் பையனையும் சொல்ல வேண்டும், தங்கமான பிள்ளை. அம்மம்மா தமிழில் கேட்பதெல்லாம் அவனுக்கு விளங்கும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். சாப்பிட்டியா, குளிச்சியா வரைக்கும் வண்டி ஓடும். சென்ற வருடம் அவனுக்கும் கிழவிக்கும் ரிமோட்டுக்காகச் சண்டை. கோபம் தலைக்கேறி அவன் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ள, கிழவி ஒன்றும் விளங்காமல் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "பிள்ளை, இவன் என்னை என்ன சொல்லுறான்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன், கொஞ்சம் குறைத்து.

சிங்கள மொழிமூலம் என்பதை எங்கள் ஆட்கள் சபையில் சொல்ல மாட்டார்கள், ஆனால் செய்கிறார்கள். புறக்கோட்டை இரும்புக்கடை ஒன்றில் வேலை செய்யும் தெரிந்த ஒருவர், பதுளைப் பக்கத்தவர், மகளைச் சிங்கள வகுப்பில் விட்டிருக்கிறார். லிஃப்டில் வருபவள் அவள்தான். யுத்த காலத்தில் சோதனைச்சாவடிகளில் சிங்களம் தட்டுத்தடுமாறியதால் மணிக்கணக்கில் நின்றவர் அவர். "என் பிள்ளை நிக்கக் கூடாதுங்க" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? கொழும்பில் வாழ்ந்து, வேலை எடுத்து, வீடு வாங்கி, கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவதற்குச் சிங்களம் போல் உதவும் மொழி இல்லை. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. படிவம் தமிழில் இருக்கும், படிவத்தை வாங்குபவருக்குத் தமிழ் தெரியாது. இதன் விலையை நீர்கொழும்பிலும் சிலாபம் கரையிலும் பார்க்கலாம். பாட்டி தமிழில் செபமாலை சொல்ல, பேரன் சிங்களத்தில் பதில் சொல்லும் வீடுகள் அங்கே உண்டு. பாடசாலை மொழி மாறி இரண்டு தலைமுறையில் நடந்தது அது. அந்தப் பதுளைக்காரரின் மகள் இப்போதே தமிழ் எழுத்தில் பெயரை மட்டும் எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமையில் என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்தால் பார்ப்போம்.

கடைசியாக நாங்கள் எடுத்த வழி. 2001இல் உயர்தர விஞ்ஞான பாடங்களை ஆங்கிலத்தில் படிக்க அரசு இடம் கொடுத்தது, 2002இல் தெரிவுசெய்த பாடசாலைகளில் தரம் 6இலிருந்து இருமொழிக் கல்வி தொடங்கியது. கணிதம், விஞ்ஞானம் போன்றவை ஆங்கிலத்தில். தமிழ், சமயம், வரலாறு தமிழில். ஐந்து வருடம் தாய்மொழியில் அத்திவாரம் போட்டபின் வருவதால் எனக்குப் பிடித்தது. குறையும் சொல்கிறேன். ஆங்கிலத்தில் கற்பிக்கக்கூடிய ஆசிரியர் எல்லாப் பாடத்துக்கும் இல்லை. பல வகுப்புகளில் புத்தகம் ஆங்கிலம், விளக்கம் தமிழ், மிச்சம் ரியூசன். மகளின் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தால் 'போட்டோசிந்தசிஸ்' என்ற சொல்லுக்கு மேலே பென்சிலால் ஒளித்தொகுப்பு என்று எழுதியிருப்பாள், பக்கத்துக்கு நாலைந்து சொல் இப்படி. முதலில் எனக்கு இது கவலை. இப்போது அந்தப் பென்சில் எழுத்துகளைத்தான் நம்புகிறேன். இரண்டு பக்கமும் வாசல் வைத்திருக்கிறாள். சிங்களம் மட்டும் இரண்டாம் மொழிப் பாடத்தால் வரவில்லை. வலைப்பந்து அணியில் சேர்ந்த பிறகு மைதானத்தில் வந்தது. போன கிழமை பஸ் கொண்டக்டரிடம் மிச்சக் காசுக்காக அவள் சிங்களத்தில் வாதாடியதைக் கேட்டு நான் வாயைப் பிளந்துவிட்டேன். இருபது ரூபா திரும்பி வந்தது.

ஆகவே தங்கச்சிக்கு நான் சொன்னது: தரம் 1இல் தமிழ், தரம் 6இல் இருமொழிப் பிரிவு உள்ள பாடசாலை, சிங்களத்துக்கு ரியூசனை விட விளையாட்டு. சேர்க்க முதல் பகல் 1.30க்கு அந்தப் பாடசாலை வாசலில் போய் நில், பிள்ளைகள் எந்த மொழியில் சண்டை பிடிக்கிறார்கள் என்று கேள். கணவரையும் கூட்டிக்கொண்டு போ.

போனார்களாம். அவருக்கும் பிடித்துவிட்டதாம். இப்போது பிரச்சினை வேறு. வீட்டுத் தூரத்துக்குப் புள்ளி எடுக்க வதிவிடத்தை நிரூபிக்க வேண்டும், அவர்களோ வாடகை வீடு. மின்கட்டணப் பட்டியல் இன்னும் வீட்டுக்காரரின் செத்துப்போன அப்பாவின் பெயரில் வருகிறது. இதற்கு வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இரவு 9 மணிக்கு முதல்.