சிம்போசியமா, ஒர்க்‌ஷாப்பா, மாதக் கூட்டமா? பொறியியல் மாணவர்கள் சனிக்கிழமையை எதற்குக் கொடுக்கலாம்

செமஸ்டர் தொடங்கி இரண்டு வாரம் ஆவதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போஸ்டர்கள் வரிசை கட்டிவிடும். பக்கத்துக் கல்லூரியில் சிம்போசியம் என்ற மாணவர் தொழில்நுட்ப விழா, இன்னொன்றில் இரண்டு நாள் ட்ரோன் ஒர்க்‌ஷாப், செமினார் ஹாலில் கெஸ்ட் லெக்சர், மாவட்டத்தில் வேலைவாய்ப்பு முகாம், இதற்கு நடுவே ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் என்ற தொழில்நுட்பப் போட்டிக்கு ஆள் சேர்க்கும் சீனியர்கள். எல்லாவற்றுக்கும் போக முடியாது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். எல்லாத் துறைத் தலைவர்களும் தாராளமாக ஓ.டி. (வெளி நிகழ்ச்சிக்குப் போன நாளையும் வருகையாகக் கணக்கிடும் அனுமதி) தருவதில்லை. வீட்டில் கொடுக்கும் பணத்துக்கும் ஓர் அளவு உண்டு.

நான் இசிஇ (மின்னணுவியல், தகவல் தொடர்பு) படித்து மென்பொருள் வேலைக்கு வந்தவன். இந்த எல்லா வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் போய்ப் பார்த்த பிறகு, மூன்றாம் ஆண்டிலிருந்து என் சனிக்கிழமைகளை மாதாந்திரத் தொழில்நுட்பக் கூட்டங்களுக்கு ஒதுக்கினேன். லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரின் சென்னை லினக்ஸ் பயனர் குழு, பைதான் நிரல்மொழிக்காரர்களின் சென்னைபை போன்றவை நடத்தும் இலவசக் கூட்டங்களைச் சொல்கிறேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான். கீழே படிப்பதை அதை மனதில் வைத்தே படியுங்கள்.

சிம்போசியத்தை முதலில் முடித்துவிடலாம். ஐஐடி மெட்ராஸின் சாஸ்த்ரா 2000-லிருந்தும், திருச்சி என்ஐடியின் பிரக்யான் 2005-லிருந்தும், கிண்டி பொறியியல் கல்லூரியின் குருக்ஷேத்ரா 2007-லிருந்தும் நடக்கின்றன. இந்தப் பெரிய விழாக்களுக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். மற்ற கல்லூரி மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நேரில் பார்த்தால் நம் அளவு நமக்குத் தெரியும். துறை அளவில் நடக்கும் சின்ன சிம்போசியங்களில் பேப்பர் பிரசென்டேஷன் மட்டும் உருப்படியானது. பத்து நிமிடம் அந்நியர்கள் முன்னால் நின்று பேசிப் பழக வேறு மலிவான வழி கிடையாது. அதைத் தாண்டி நண்பர்களோடு ஒரு நாள் வெளியே போய் வந்த சந்தோஷம் கிடைக்கும். அதுவும் வேண்டியதுதான்.

கெஸ்ட் லெக்சர் உங்கள் கல்லூரிக்குள்ளேயே, வகுப்பு நேரத்திலேயே நடப்பதால் தேர்வு செய்ய ஒன்றுமில்லை. முன் வரிசையில் உட்காருங்கள். ஒரு கேள்வி கேளுங்கள்.

அடுத்தது கட்டண ஒர்க்‌ஷாப். மாணவர்களின் பணம் அதிகம் போவது இதில்தான். ஐஓடி, மெஷின் லேர்னிங், ட்ரோன், எத்திக்கல் ஹேக்கிங் என்று தலைப்பு மாறினாலும், நான் பார்த்தவற்றில் பலவும் ஒரே அச்சு. முதல் நாள் காலை முழுக்க ஸ்லைடு. மதியம் ஐந்து பேருக்கு ஒரு ஆர்டுயினோ போர்டு (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை). ஒருவன் வயரைச் செருக, மற்ற நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்கள். எல்இடி மின்னியதும் கைதட்டல். நான் போன ஒன்றில், கிட் உங்களுக்கே என்று போஸ்டரில் போட்டிருந்த பயிற்சி நிறுவனத்தார் மாலையில் கிட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்தார்கள். நேர்முகத் தேர்வில் அந்தச் சர்டிபிகேட்டுக்கு ஆயுள் ஒரு கேள்விதான். 'இதில் நீ என்ன செய்தாய்?' என்று கேட்டதும் முடிந்துவிடும்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. உங்கள் கல்லூரியில் இல்லாத கருவியிலோ, தனி ஆளாக வாங்க முடியாத விலையுள்ள விஎல்எஸ்ஐ (சிப்) வடிவமைப்பு மென்பொருளிலோ உங்களையே உட்கார வைத்துப் பழக்குகிறார்கள் என்றால் பணம் கட்டலாம். கட்டும் முன்பு இரண்டு விஷயம் கேளுங்கள்: ஒரு போர்டுக்கு அல்லது ஒரு கணினிக்கு எத்தனை பேர், செய்ததை வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா. பாடம்தான் தேவை என்றால் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளம் இருக்கிறது. ஐஐடி, ஐஐஎஸ்சி ஆசிரியர்களின் பாடங்களைப் பணம் கட்டாமலே படிக்கலாம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க நினைத்தால் மட்டும் கட்டணம். 12 வார வகுப்பில் ஒவ்வொரு வாரமும் அசைன்மென்ட்டுக்குக் கெடு இருக்கும். இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் தர முடியாத பிடிமானத்தை அந்தக் கெடு தரும்.

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் இவற்றைவிட ஒரு படி மேல். 2017-லிருந்து மத்திய கல்வி அமைச்சகமும் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயும் நடத்துகின்றன. அமைச்சகங்களும் அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்களுக்கு உண்மையிலேயே இருக்கும் சிக்கல்களைக் கேள்வியாகக் கொடுப்பதுதான் இதன் பலம். ஆறு பேர் கொண்ட அணி, எல்லோரும் ஒரே கல்லூரி, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். கல்லூரிக்கு இத்தனை அணி என்று வரம்பு இருப்பதால் முதலில் உள்ளூர்ச் சுற்றில் ஜெயிக்க வேண்டும். இறுதிச் சுற்றில் மென்பொருள் அணிகள் 36 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்யும். கல்லூரிக்குப் பெயர் வரும் என்பதால் ஓ.டி. பற்றிக் கவலை இல்லை. நல்ல அணி அமைந்தால் கண்டிப்பாகப் போங்கள், அதிலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே. ஆனால் டிசம்பரில் இறுதிச் சுற்று முடிந்த பிறகு என்ன ஆகிறது? எனக்குத் தெரிந்த அணிகளில் ஜனவரியில் அந்த நிரலைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. இந்த இடத்தில்தான் என் முடிவுக்குக் காரணமான விஷயம் வருகிறது.

ஒரு நிகழ்ச்சியை எடைபோட நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த மாதமும் அதே ஆட்கள் அங்கே இருப்பார்களா? பேச்சாளர் எவ்வளவு பெரியவர், சர்டிபிகேட்டில் யாருடைய முத்திரை, சாப்பாடு உண்டா என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான். சிம்போசியத்தின் நடுவர் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார். ஒர்க்‌ஷாப்பில் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரம் கழித்துக் 'குட் மார்னிங்' படம் மட்டும்தான் வரும். வேலைவாய்ப்பு முகாமில் உங்கள் ரெஸ்யூமேவை வாங்கிய ஹெச்ஆருக்கு அடுத்த நாள் உங்கள் முகம் நினைவிருக்காது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அன்றைக்கு அவர் அத்தனை பேரைப் பார்த்திருப்பார்.

மாதக் கூட்டத்தில் நடப்பது வேறு. சென்னை லினக்ஸ் பயனர் குழுவுக்கு இரண்டாவது சனிக்கிழமை, சென்னைபைக்கு நான்காவது சனிக்கிழமை என்பது நெடுநாள் வழக்கம். முன்னது பல ஆண்டுகள் ஐஐடி வளாகத்திலும், பின்னது பல ஆண்டுகள் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் கூடின. முதல் தடவை போகும்போது பாதிக்கு மேல் புரியாது. டாக்கர் என்பார்கள், டெக்கரேட்டர் என்பார்கள், நாம் பின்வரிசையில் உட்கார்ந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு வருவோம். வீட்டுக்கு வந்து தேடினால் அந்த மாதம் முழுவதற்கும் படிக்க விஷயம் கிடைத்துவிடும். அடுத்த மாதம் போனால், போன முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அடையாளம் கண்டு சிரிப்பார். அதற்கடுத்த மாதம், 'நீ ஏதோ செய்து பார்க்கிறேன் என்றாயே தம்பி, என்ன ஆச்சு?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே உட்கார்ந்து செய்து முடித்த மாணவர்கள் எனக்குத் தெரிந்து பலர். நானும் அவர்களில் ஒருவன்.

என்ன ஆச்சு என்று கேட்க அங்கே ஓர் ஆள் இருக்கிறார். நாலு வருடப் படிப்பில் பேராசிரியர்களுக்கு வெளியே அப்படிக் கேட்கும் ஆட்கள் நமக்கு மிகக் குறைவு. அதுவும் என்னைப் போல வீட்டில் முதல் இன்ஜினியராக வருபவர்களுக்கு, வேலை செய்யும் இன்ஜினியர் ஒருவரோடு சாதாரணமாகப் பேசிப் பழக இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. பத்து வருட அனுபவம் உள்ளவர் தன் நிரலில் ஒரு பிழையைக் கண்டுபிடிக்க நாள் கணக்கில் திண்டாடியதை மேடையிலேயே சொல்வார். அதைக் கேட்கும்போது நமக்குள் இருக்கும் பயம் கொஞ்சம் குறையும்.

அப்புறம், இந்தக் கூட்டங்களில் மாணவர்களுக்கும் பேச இடம் உண்டு. ஐந்து நிமிட லைட்னிங் டாக் என்று ஒன்று வைப்பார்கள். நீங்கள் செய்த சின்ன விஷயம் போதும். விடுதி மெஸ் கணக்கைப் போடும் பைதான் நிரல், தமிழ் உரையைக் கையாளும் ஓபன்-தமிழ் நூலகத்தைப் பயன்படுத்தி எழுதிய ஒரு சொல் விளையாட்டு, எதுவானாலும் சரி. பேசி முடித்ததும் யாராவது ஒருவர் வந்து, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உங்கள் இணைப்பைக் கேட்பார், குறை சொல்வார், சில சமயம் அவரே ஒரு திருத்தம் அனுப்புவார். திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் வழிகாட்டிகளோடு (மெண்டார்) வேலை செய்ய வைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். விண்ணப்பிக்கும் முன்பே அந்தத் திட்டத்தில் சின்னச் சின்ன பங்களிப்புகள் செய்திருந்தால் மெண்டார்களுக்கு உங்களைத் தெரிந்திருக்கும். அதை எப்படித் தொடங்குவது என்று ஏற்கெனவே செய்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எளிது.

வேலை விஷயமும் இதிலேயே அடங்கும். நிறைய நிறுவனங்களில் ஊழியர் பரிந்துரை என்ற வழி இருக்கிறது. ஒரே நாள் பார்த்த மாணவனை யாரும் பரிந்துரைக்கத் துணிய மாட்டார்கள். பல மாதங்களாகக் கூட்டத்துக்கு வந்து, ஒருமுறை பேசி, சொன்ன வேலையைச் செய்து காட்டிய மாணவனைப் பற்றி நம்பிக்கையாக நாலு வரி எழுத முடியும். எனக்கு முதல் இன்டர்ன்ஷிப் கிடைத்தது அப்படித்தான். எல்லோருக்கும் கிடைக்கும் என்று உறுதி தர மாட்டேன். ஆனால் தெரிந்தவர்கள் ஒரு சிலர் இருப்பதற்கும் ஒருவருமே இல்லாததற்கும் உள்ள வித்தியாசம், பிளேஸ்மென்ட் சரியாக அமையாத வருடத்தில் நன்றாகத் தெரியும்.

சிரமங்களையும் சொல்லிவிட வேண்டும். ஓ.டி. கிடையாது, சர்டிபிகேட் கிடையாது, அதனால் கல்லூரியில் கணக்குக் காட்ட முடியாது. சில கல்லூரிகளில் சனிக்கிழமை வகுப்பு உண்டு. விடுதியில் இருந்தால் அவுட்பாஸ் வாங்க வேண்டும். பெண்கள் விடுதிகளில் மாலைக் கெடு இன்னும் கடுமை. என் வகுப்புத் தோழிகள் கூட்டம் முடியும் முன்பே ரயிலைப் பிடிக்க ஓடியதைப் பார்த்திருக்கிறேன். பேச்சுகள் முடிந்த பிறகு நடக்கும் உரையாடல்தான் முக்கியம் என்று நான் சொல்லும்போது, அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. வார்டன்கள் இதை மனது வைத்துச் சரி செய்யலாம், குழுக்களும் கூட்டத்தை இன்னும் முன்னதாகவே தொடங்கலாம்.

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது எளிதல்ல. ஆனால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழியாகவே வாராந்திரச் சந்திப்பு நடத்துகிறது. தமிழிலேயே பேசலாம், ஊர் தடையில்லை. விழுப்புரத்தில் இதேபோல ஒரு குழு மாணவர்களை நம்பியே வளர்ந்திருக்கிறது. பெரிய ஊராக இருந்தால்தான் கூட்டம் நடக்கும் என்ற எண்ணம் தேவையில்லை என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை என்றால், நாலு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை கல்லூரி ஆய்வகத்தில் கூடத் தொடங்கலாம்.

மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கு நான் சொல்வது எவ்வளவு பொருந்தும்? அந்தப் பக்கம் என் அனுபவம் நண்பர்களைப் பார்த்து வந்தது மட்டுமே. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ இந்தியாவின் பாஹா போட்டிக்கும், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் பந்தயக் கார் போட்டிக்கும் வண்டி கட்டிய என் விடுதி நண்பர்கள், போட்டி நடக்கும் சில நாட்களுக்காக மாதக்கணக்கில் ஒரே பட்டறையில் ஒன்றாக வெல்டிங் செய்தார்கள், பழைய சீனியர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், ஸ்பான்சர் தேடி அலைந்தார்கள். வண்டி பாதியில் நின்றாலும் அந்த அணி அடுத்த வருடமும் இருக்கும். எனக்கு மாதக் கூட்டம் கொடுத்ததை அவர்களுக்கு அந்த அணி கொடுத்தது என்றுதான் நினைக்கிறேன். சிவில் நண்பர்களில் அப்படி ஒன்றில் நிலைத்து நின்றவர்களை நான் பார்க்கவில்லை, அதனால் அவர்களுக்கு எது சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

வேலைவாய்ப்பு முகாம் பற்றிச் சுருக்கமாக. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது. இறுதியாண்டில், கையில் வேலை இல்லாதபோது, தயங்காமல் போங்கள். இரண்டாம் ஆண்டில் போய்ப் பயனில்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

இந்த செமஸ்டருக்கு என்னிடம் யோசனை கேட்டால் இப்படிச் சொல்வேன். ஓ.டி.யை ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கும் ஒரே ஒரு பெரிய விழாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு ஆர்டுயினோவோ ஈஎஸ்பி32 போர்டோ சொந்தமாக வாங்குங்கள். ஒரு மாதக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, முதல் முறை ஒன்றும் புரியாவிட்டாலும், தொடர்ந்து நாலு மாதம் போங்கள். இப்போது இடம் அடிக்கடி மாறுகிறது, பல முறை ஏதாவது ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் நடக்கும். ஆகவே முந்தின வாரமே அறிவிப்பைப் பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள், வாசலில் காட்டக் கல்லூரி அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நோட்டும் பேனாவும் போதும். கூட்டத்தில் யாரையும் தெரியாதே என்று கூச்சமாக இருந்தால், நடத்துபவரிடம் போய், 'அண்ணா, நான் முதல் தடவை வருகிறேன்' என்று சொல்லுங்கள். யாரிடம் பேசலாம் என்று அவரே கூட்டிப்போய் அறிமுகம் செய்வார்.