யூடியூப் வான்ஸ்டு: சில வருடப் பழக்கமும் அது மூடப்பட்ட பிறகும்

போனை லாக் செய்த பிறகும் பேச்சு காதில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். யூடியூப் ஆப்பை வெளியாட்கள் மாற்றியமைத்துத் தந்த யூடியூப் வான்ஸ்டை நான் இறக்கியதற்கு முதல் காரணம் இதுதான். பட்டிமன்றமோ கம்பராமாயணச் சொற்பொழிவோ, மணிக்கணக்கில் காதால் கேட்கிற விஷயத்துக்குத் திரை எதற்கு எரிய வேண்டும்? யூடியூபின் சொந்த ஆப்பில் திரையை அணைத்தால் சத்தமும் நின்றுவிடும். 2019 மார்ச்சில் யூடியூபின் கட்டணச் சந்தாவான பிரீமியம் இந்தியாவுக்கு வந்தது. அப்போது மாதம் 129 ரூபாய் கட்டினால் அந்தத் தடை நீங்கியது. வான்ஸ்டில் அது இலவசமாக இருந்தது, விளம்பரமும் இல்லை.

நிறுவுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டியிருந்தது. முதலில் நிறுவித் தரும் ஆப்பான வான்ஸ்டு மேனேஜர், அதற்குள் மைக்ரோஜி. ரூட் செய்யாத, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தைக் கையில் எடுக்காத போனில் மைக்ரோஜி இல்லாமல் கூகுள் கணக்கில் நுழைய முடியாது. மாற்றியமைத்த ஆப்பை போனில் கூகுள் கணக்கைக் கவனிக்கும் பிளே சர்வீசஸ் ஏற்காது என்பதால் அதன் வேலையை மைக்ரோஜி பார்க்கும். ஷவோமி போன் என்றால் டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போய் எம்ஐயுஐ (ஷவோமியின் சொந்த மென்பொருள்) ஆப்டிமைசேஷனை அணைக்கச் சொல்லும். அப்புறம் டார்க் தீமா, முழுக் கறுப்பா என்று கேட்கும். எல்லாம் முடிந்தால் அசல் யூடியூப் அப்படியே இருக்க, பக்கத்தில் இது தனி ஆப்பாக வந்து உட்காரும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பான்சர்பிளாக். அஜய் ராமச்சந்திரன் தொடங்கிய இந்தத் திட்டத்தை வான்ஸ்டு தனக்குள் சேர்த்துக்கொண்டது. வீடியோவில் எந்த விநாடியிலிருந்து எதுவரை ஸ்பான்சர் பேச்சு என்று பார்வையாளர்களே குறித்து அனுப்புவார்கள். அந்த இடம் கீழே ஓடும் கோட்டில் பச்சையாகத் தெரியும். அங்கே வந்ததும் வீடியோ தானே தாண்டிவிடும். நான் பார்க்கிற தமிழ்ச் சேனல்களில் அந்தப் பச்சை அபூர்வம், குறித்து அனுப்ப ஆள் இல்லை. 2021 நவம்பரில் யூடியூப் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்தபோது அதையும் வான்ஸ்டு திரும்பக் காட்டியது.

ஆனால் ஒன்று. விளம்பரத்தைத் தடுத்துப் பார்க்கும் வீடியோவுக்கு அதை எடுத்தவர் கைக்கு ஒரு பைசா வராது. பிரீமியத்தில் பார்த்தால் கட்டணத்தில் ஒரு பங்கு அவருக்குப் போகும். தனி ஆளாகக் கேமராவும் எடிட்டிங்கும் பார்க்கிற சின்னச் சேனல்காரருக்கு இது பெரிய விஷயம். திரை அணைந்தாலும் கேட்பது என் உரிமை என்று நினைக்கிறேன். விளம்பரம் விஷயத்தில் அப்படி என்னால் சொல்ல முடியவில்லை.

2022 மார்ச் 13 அன்று திட்டத்தை நிறுத்துவதாக வான்ஸ்டு குழு அறிவித்தது. கூகுளின் சட்ட நோட்டீஸ்தான் காரணம். அதற்குச் சற்று முன் வான்ஸ்டு லோகோவை என்எஃப்டியாக, அதாவது பிளாக்செயினில் பதிந்த டிஜிட்டல் உரிமைச் சான்றாக விற்கப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். அதுதான் கூகுளைச் சீண்டியது என்று பலரும் பேசினார்கள். என்னைக் கேட்டால், என்எஃப்டி இல்லாவிட்டாலும் இது வந்திருக்கும். கூகுள் எழுதிய ஆப்பை மாற்றி, யூடியூப் என்ற பெயரோடு முழு ஆப்பாகவே விநியோகித்தால் சட்டத்தின் முன் எதைச் சொல்லி நிற்பது?

அடுத்து வந்த ரீவான்ஸ்டு இதைப் புரிந்துகொண்டது. அவர்கள் தருவது ஆப்பில் செய்யவேண்டிய மாற்றங்களான பேட்சுகளை மட்டும். அசல் ஆப்பின் நிறுவல் கோப்பான ஏபிகேயை நாமே தேடி எடுத்து, நம் போனிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் அந்தப் பொறுமை இருக்காது. நியூபைப் வேறு ரகம்: யூடியூப் ஆப்பின் நிரலைத் தொடாமல் சொந்தமாக எழுதியது, திறமூல ஆப்களுக்கான களஞ்சியமான எஃப்-டிராய்டில் கிடைக்கிறது. பின்னணியில் ஓடும், கூகுள் கணக்கும் வேண்டாம். இப்போது காதால் கேட்பதற்கு இதைத்தான் வைத்திருக்கிறேன். 2025 செப்டம்பரில் மாதம் 89 ரூபாய்க்கு, பிரீமியத்தின் மலிவு வடிவமான பிரீமியம் லைட் வந்தபோது ஆசையாகப் பார்த்தேன். அப்போது அதில் பின்னணியில் ஓடும் வசதியைச் சேர்க்கவில்லை.

இன்றும் தேடினால் 'வான்ஸ்டு புதிய வெர்ஷன்' என்று ஏபிகே நீட்டும் தளங்கள் வரும். அந்தக் குழுவின் கடைசி யூடியூப் வெர்ஷன் 17.03.38. அதற்கு மேல் எண் போட்டு அதே பெயரில் வருகிற எதுவும் அவர்களுடையது அல்ல. அதில் உங்கள் கூகுள் கணக்கைக் கொடுக்காதீர்கள்.