சங்கத்திடம் கணக்கு கேட்க: நேரிலா, தபாலிலா?

காரைக்குடியில் எங்கள் அடுக்ககத்து உரிமையாளர்களில் பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பராமரிப்புப் பணம் மாதாமாதம் உரிமையாளர் சங்கத்துக்குப் போகிறது, கணக்குதான் வருவதில்லை. ஊரில் இருப்பவன் என்பதால் கேட்டு வாங்கும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு வழியிலும் கேட்டுப் பார்த்தேன்.

கணக்கு கேட்கும் கடிதத்தை நேரில் கொடுப்பது சுலபம், செலவும் இல்லை. "அண்ணே, நகல்ல ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க" என்றேன். "நமக்குள்ள எதுக்குத் தம்பி அதெல்லாம்" என்று செயலாளர் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தார். அது அங்கேயே தங்கிவிட்டது. கொடுத்ததற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை.

அடுத்து ஸ்பீட் போஸ்ட். 2025இல் பதிவுத் தபாலும் இதோடு இணைந்துவிட்டது. ரசீதில் இருக்கும் எண்ணை வைத்து என்றைக்குப் பட்டுவாடா ஆனது என்று பார்க்கலாம். ரசீதை நகலோடு பின் அடித்தேன். ஒரு நோட்டில் கேட்ட ஆவணம், அனுப்பிய தேதி, சேர்ந்த தேதி, வந்த பதில் என்று கட்டம் போட்டேன். தணிக்கை அறிக்கை, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், பொதுக்குழுத் தீர்மானம் எல்லாம் தனித்தனி வரி. 'எல்லாக் கணக்கும்' என்று மொத்தமாகக் கேட்டால், எது வரவில்லை என்று காட்ட முடியாது.

என் ஓட்டு தபாலுக்குத்தான். ஆனால் அனுப்பும் முன் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தினமும் படிக்கட்டில் பார்க்கிற முகம். சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால், பதில் வராதபோது மாவட்டப் பதிவாளரிடம் மனு கொடுக்கலாம். அப்போது அந்த நோட்டையும் ரசீதையும் கையோடு எடுத்துப் போங்கள்.