ஸ்டீயரிங் ஆயில் மூடி: 1,40,000 கிலோமீட்டருக்குப் பிறகும் தீராத எரிச்சல்

"ஸ்டீயரிங்கைத் திருப்பினா 'ங்ஙொய்'னு கத்துது, கொஞ்சம் ஆயில் ஊத்தினாப் போதுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டதால் இந்தப் பதிவு. போதாது. ஏன் என்று சொல்வதற்கு முன் அந்த மூடியைக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன்.

வண்டி ஏழு சீட் டீசல், ஹைட்ராலிக் ஸ்டீயரிங், அதாவது எஞ்சின் பெல்ட்டால் சுற்றும் பம்ப் ஆயிலை அழுத்தி, திருப்ப உதவும் வகை. ஓட்டும் சுகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் டயருக்கு அடியில் இருப்பது தாரா மணலா என்று கை சொல்லிவிடும். எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் லேசாக இருக்கும், ஆனால் இப்படிப் பேசாது.

எரிச்சல் எல்லாம் ஆயில் டப்பாவின் மூடியில்தான். அளவு பார்க்கும் குச்சி மூடியோடு ஒட்டியே வருகிறது. ஒரு பக்கம் 'ஹாட்', மறுபக்கம் 'கோல்டு', கோடுகளுக்கு இடையே சில மில்லிமீட்டர்தான். கழற்றும்போது குச்சி டப்பா வாயில் உரசி மேல்வரை ஆயிலைப் பூசிக்கொள்ளும். அதனால் முதல் தடவை தெரியும் அளவு பொய். துடைத்துவிட்டு, மூடியை முழுக்கத் திருகி, மறுபடி கழற்றினால்தான் உண்மை தெரியும்.

'கோல்டு' என்றால் எஞ்சின் ஐந்து மணி நேரமாவது ஓடாமல், ஆயில் 10 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னையில் மே மாத மத்தியானத்துக்கு 'கோல்டு' என்று ஒன்று கிடையாது, விடியற்காலையில் பாருங்கள். 'ஹாட்' என்றால் 80 வேகத்தில் இருபது நிமிடம் ஓடிய வண்டி. பலரும் கடைக்குப் போய்வந்த அரைச்சூட்டில் ஹாட் பக்கத்தைப் பார்த்துவிட்டு, குறைகிறதே என்று ஊற்றிவிடுவார்கள். நெடுஞ்சாலையில் ஆயில் விரிந்து, மூடியில் உள்ள காற்றுத் துளை வழியாக வழியும். அது பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கிக் கிறீச்சிடும். ஒர்க் ஷாப்பில் அதையே 'பம்ப் லீக்' என்பார்கள். பம்ப்பை மாற்றச் சம்மதிக்கும் முன் டப்பாவைச் சுற்றித் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

ஊற்றுவதானால் 50 மில்லி சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக. எந்த ஆயில் என்பது மூடியிலோ மேனுவலிலோ இருக்கும். இந்த வண்டிக்கு டெக்ஸ்ரான் வகை சிவப்பு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). ஹோண்டாவுக்கு அதன் சொந்த ஆயில், சில ஜெர்மன் வண்டிகளுக்குப் பச்சை நிறம், கலக்காதீர்கள். பிரேக் ஆயிலைத் தவறியும் ஊற்றக் கூடாது. உள்ளே உள்ள ரப்பர் சீல் உப்பிப்போய், பம்ப், ராக் (சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) இரண்டுமே செலவு வைக்கும்.

இது எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து குறைவதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. பிரஷர் ஹோஸில் (பம்ப்பிலிருந்து ராக்குக்குப் போகும் குழாய்) உலோகமும் ரப்பரும் சேரும் இடம், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸின் கிளிப், பம்ப் தண்டின் சீல் மூன்றையும் முதலில் பாருங்கள். மூன்றும் காய்ந்திருந்தால் ராக்கின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் உறையை அமுக்கிப் பாருங்கள். ராக் சீல் போயிருந்தால் தரையில் சொட்டே விழாது, ஆயில் எல்லாம் அந்த உறைக்குள் சேர்ந்து 'களக் களக்' என்று ஆடும். பிரஷர் ஹோஸ் ஒழுகினால் தள்ளிப்போடாதீர்கள். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாயில் (மேனிஃபோல்டு) தெறித்தால் தீப்பிடிக்கும்.

நண்பரின் வண்டியில் அளவு சரியாகவே இருந்தும் சத்தம் வருகிறது என்றால், ஆயில் நுரைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, ஆனால் காற்று உள்ளே போகும். நுரை இல்லாமல், காலையில் மட்டும் கத்தினால் டப்பாவின் அடியில் உள்ள வலை அடைத்திருக்கலாம். வலை கழன்று வராத டப்பாவானால் டப்பாவையே மாற்றுவதுதான் வழி.

உள்ளே போன காற்றை வெளியேற்ற, வண்டியின் முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் ஓடாமல், ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 15, 20 தடவை மெதுவாகத் திருப்புங்கள். குமிழி வருவது நிற்கும்வரை அளவு குறையாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யலாம். கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், பம்ப் கொதிக்கும்.

ஆயில் கறுத்திருந்தால் டப்பாவில் உள்ளதைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றி, இரண்டு நாள் ஓட்டி, மறுபடி அதையே செய்யலாம். மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு டப்பாவில் இருந்தால், நாலு தடவையில் சுமார் 80 சதவீதம் புதியதாகிவிடும். ஹோஸைக் கழற்றும் வேலை இல்லை.

இத்தனையும் செய்தால் ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி சுழல்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு அளவைப் பார்க்க இரண்டு தடவை திருகி, இரண்டு தடவை கழற்றி, விரலெல்லாம் சிவப்பு. அடுத்த வண்டி எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்தான். பேசாவிட்டால் பரவாயில்லை.