இரண்டு ஓய்வூதியங்கள்: நாடாளுமன்ற உறுப்பினரும் படைவீரரும்

முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அடிப்படை ஓய்வூதியம் மாதம் 31,000 ரூபாய். எத்தனை நாள் பதவியில் இருந்தார் என்ற கேள்வியே இல்லை. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 2,500 ரூபாய் கூடும். சிப்பாய்க்கோ பொதுவாக 15 ஆண்டுப் பணி வேண்டும்.

வீரர்களை நான்கு ஆண்டுப் பணிக்குச் சேர்க்கும் அக்னிபத் திட்டம் 2022இல் வந்து, இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கிவிட்டது. அதில் சேர்ந்து நான்கு ஆண்டுகளில் வெளியேறும் வீரர், அதாவது அக்னிவீரர், சியாச்சின் பனியில் காவல் நின்றிருந்தாலும், ஓய்வூதியம் பெற மாட்டார். சேவா நிதியாகச் சுமார் 11.7 லட்சம் ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும். அதில் பாதிக்கு அருகில் அவர் சம்பளத்தில் பிடித்த பணம். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மருத்துவத்தில் முன்னாள் உறுப்பினருக்கும் ஓய்வூதியம் பெறும் படைவீரருக்கும் தனித்தனித் திட்டம் உண்டு. ரயிலில் முன்னாள் உறுப்பினருக்குக் குளிர்சாதன வகுப்பில் இலவசப் பயணம். வீரர்களில் பரம்வீர் சக்கரம் போன்ற விருது பெற்றவர்களுக்கே அந்தச் சலுகை.

உறுப்பினருக்கும் குறைந்தபட்சப் பணிக்காலம் வேண்டும். இல்லையேல், அக்னிவீரருக்கும் ஓய்வூதியம் கொடுங்கள்.